இல்லையெனில் எத்தனை கிலோமீட்டர்

செல்பேசிப் படிவத்தில் நாற்பத்தொரு கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் இரண்டே கட்டம்: உண்டு, இல்லை.
இல்லையை அழுத்தினால் மட்டும்
எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும்.
ஊருக்கு நூற்றெண்பது ரூபாய் எனக்கு.
பெட்ரோல் என் செலவு.

சர்ஜோம்ஹாத்து வரைக்கும் பெட்ரோல் போகாது.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் வண்டியைப் பூட்டிவிட்டு
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
முழங்கால் தண்ணீர்.

தார்ச்சாலை?
பாலம் வந்தால் வரும் என்றார் கோமியா பூர்த்தி.
பாலம்?
சாலை வந்தால்.

குடிநீருக்கு அடிபம்பு ஒன்று.
அதன் கைப்பிடி ராத்திரியில்
ஜேமாவின் கட்டிலுக்கடியில் தூங்குகிறது,
லோவாகுட்டுக்காரர்கள் ஒருமுறை கழற்றிக்கொண்டு போனதிலிருந்து.
விடிந்ததும் ஏரைத் தூக்குகிற மாதிரி
தோளில் போட்டு வருவாள்.
முதல் இரண்டு குடம் துரு, மாட்டுக்கு.
மாடும் மோந்து பார்த்துத்தான் வாய் வைக்கும்.
உண்டு என்று அழுத்தினேன்.

பதினேழு கம்பம், வீட்டுக்கொரு மீட்டர்.
மாகே திருவிழா அன்று வெடித்தது டிரான்ஸ்ஃபார்மர்.
அவ்வளவு பெரிய பட்டாசை
அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான் ஒரு பையன்,
கொஞ்சம் ஏக்கத்தோடு.
மீட்டர் பெட்டிக்குள் குளவி மண் பூசியிருக்கிறது.
பில் மட்டும் மாதாமாதம்
ஆற்றைக் கடந்து வந்துவிடுகிறது.

சுகாதார மையம்: கட்டடம் உண்டு, பூட்டும் நல்ல பூட்டு.
வியாழன்தோறும் நர்ஸ் வருவார் என்றார்கள்.
இன்றைக்கு என்ன கிழமை என்றேன்.
வியாழன் என்றார்கள், கோபமே இல்லாமல்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பும் ஒரே பாயில்.
வாத்தியார் ஆடுகளைக் கணக்கெடுக்கப் போயிருக்கிறார்,
அவருக்கும் உன்னை மாதிரி ஒரு படிவம்.

இலைத்தொன்னையில் டியாங் ஊற்றித் தந்தார்கள்.
இரண்டாவது தொன்னைக்குப் பிறகு
கேள்விகள் வேகமாக நகர்ந்தன.
வங்கி, தபால், பேருந்து, நூலகம்,
இல்லை இல்லை இல்லை
இருபத்தாறு, பதினொன்று, ஒன்பது,
எல்லாம் கோழி கூவுகிற தூரக் கணக்கில் கோமியா சொன்னது,
நான் கிலோமீட்டராக்கினேன்.

சிக்னல்?
எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.
பாறை.

அன்றைக்கு ரேஷன் நாள்.
அரிசி கீழே மூட்டையில், மிஷின் மேலே உச்சியில்.
விரல் வைக்க ஏறி, ரசீதோடு இறங்கி,
ஊரே எறும்புச் சாரியாய்.
ஒன்பது மாத வயிற்றோடு சுமி தியூ
மூன்றாம் படுகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்,
பிறகு மிச்சத்தையும் ஏறினாள்.
அவள் கட்டைவிரலை இரண்டு தடவை மறுத்தது மிஷின்.
புடவையில் துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடி.
நன்றி என்றது இந்தியில்.
அவள் ஹோ மொழியில் என்னவோ சொன்னாள்.
கடைக்காரர் பிருலியே சிரித்துவிட்டார்.

எனக்கும் சிக்னல் வேண்டும், வரிசையில் நின்றேன்.
அனுப்பு. சுழன்றது, சுழன்றது. பச்சை டிக்.
கீழே சின்ன எழுத்தில் ஊர்ப்பெயர்:
லோவாகுட்டு.

பாறை அவங்க எல்லை ஆச்சே என்றார் கோமியா.
நின்ற இடத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிறது படிவம்.
திருத்த வழியில்லை.
பதினேழு கம்பமும், வராத வியாழக்கிழமையும்,
குளவிக்கூடும் லோவாகுட்டில்.
சர்ஜோம்ஹாத்து இன்னும் சிவப்பில்: நிலுவை.

அவங்க கைப்பிடியை மட்டும்தான் எடுத்தாங்க என்றாள் ஜேமா,
நீ பம்பையே எழுதிக் கொடுத்துட்ட.

மறுபடி வருகிறேன் என்றேன்.
யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சும்மாதானே இறங்குற என்று
சுமியின் அரிசி மூட்டையைத் தூக்கி
என் தலையில் வைத்தார்கள்.
வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
அதோ, அந்த ஆடு நிற்கிற இடம் என்றாள்.

ஆடு நடந்துகொண்டிருந்தது.